ஒன்பதாம் மாச ஊசி வேண்டாம் என்கிறார்கள், என்ன சொல்வது? (நகரி, திருத்தணி, சத்தியவேடு பக்கத்து மக்கள் பேசலாம்)

ஏகாம்பரகுப்பம்_மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பிறந்த வீடு பொதட்டூர்பேட்டை, வாழ வந்தது நகரி பக்கம் ஏகாம்பரகுப்பம். இரண்டு ஊரிலும் தறிச் சத்தம்தான், நடுவில் மாநில எல்லை மட்டும் ஓடுகிறது. என் ஓர்ப்படியின் பிள்ளைக்கு 9 மாதம் முடிந்துவிட்டது. தட்டம்மை ருபெல்லா ஊசி போட வேண்டும். அத்தை வேண்டாம் என்கிறார். ஓர்ப்படியும் அத்தை பக்கம் சாய்ந்துவிட்டாள்.

காரணமே இல்லாமல் சொல்லவில்லை. ஒன்றரை மாச ஊசி போட்ட அன்று ராத்திரி பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. தொடை சிவந்து வீங்கி, கை பட்டாலே வீறிட்டது. விடிகிற வரைக்கும் அத்தை தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. மறுநாள் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டால், எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே, இதற்கெல்லாமா வருவது என்று தெலுங்கில் ஒரு அதட்டல். அடுத்த இரண்டு ஊசிக்கும் நான்தான் கெஞ்சிக் கூட்டிப்போனேன். இப்போது என் பேச்சும் எடுபடவில்லை.

அத்தைக்குத் தமிழும் தெலுங்கும் வாசிக்கத் தெரியும். தடுப்பூசி நல்லது என்கிற போஸ்டர் எங்கள் தெருமுனையிலேயே ஒட்டியிருக்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார். அந்தப் போஸ்டரில் இல்லாத ஏதாவது சொல்லுங்கள்.

திருத்தணி_தம்பி

அக்கா, இதில் பேச என்ன இருக்கிறது? வாட்ஸப்பில் எவனோ அனுப்பியதை நம்பிப் பிள்ளை உயிரோடு விளையாடுகிறார்கள். ஊசி அட்டை இல்லாவிட்டால் ரேஷன் கிடையாது, பள்ளியில் இடம் கிடையாது என்று ஒரு உத்தரவு போடட்டும். ஒரே மாதத்தில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். படிப்பறிவு இல்லாத இடத்தில் இதமாகச் சொல்லி ஒன்றும் நடக்காது.

சத்தியவேடு_வாத்தியார்

தம்பி, உங்கள் கோபம் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறை, அது புரிகிறது. ஆனால் படிப்பறிவு என்ற இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. படிப்பறிவில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்பது கேரளம். அங்கேதான் 2016ல் மலப்புறத்தில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து பிள்ளைகளைக் கொன்றது. டிப்தீரியா என்றால் பாடப் புத்தகத்தில் மட்டும் இருக்கிற நோய் என்று நினைத்திருந்த காலம் அது. ஊசி போடாத பிள்ளைகள், பாதியில் விட்ட பிள்ளைகள், இவர்களைத்தான் அது தேடிப் பிடித்தது.

எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தட்டம்மை ருபெல்லா இயக்கம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கியது, ஆந்திராவில் அதே வருஷம் ஆகஸ்டில். 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, முன்னால் போட்டிருந்தாலும் சரி, இன்னொரு தவணை என்றார்கள். தமிழ்நாட்டில் அது தொடங்கிய நாட்களில் குரல் பதிவுகள் கிளம்பின. பிள்ளை பிறக்காமல் போகும், வெளிநாட்டுக்காரன் பரிசோதனை செய்கிறான் என்றெல்லாம். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசுகிற எங்கள் வீடுகளுக்கும் அவை வந்து சேர்ந்தன. ஆகஸ்டில் இங்கே இயக்கம் தொடங்கியபோது ஊசி பிறகுதான் வந்தது, பயம் ஆறு மாதம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அப்போது பள்ளிக்கு வந்த பெற்றோர்கள் என்னிடம் கேட்டது பெரும்பாலும் வதந்தியைப் பற்றி இல்லை. 'ஏற்கெனவே போட்டாச்சே சார், மறுபடி எதுக்கு?' இதுதான் முக்கால்வாசிப் பேருடைய கேள்வி. நியாயமான கேள்வி. முதல் தவணையில் எல்லாப் பிள்ளை உடம்பிலும் எதிர்ப்பு சக்தி பிடித்துக்கொள்வதில்லை, விட்டுப்போன சிலரையும் சேர்த்துப் பிடிக்கத்தான் எல்லாருக்கும் இன்னொரு முறை போடுகிறார்கள். ருபெல்லா ஊசியோ அதுவரை அரசு அட்டவணையிலேயே இல்லை. இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். எங்களுக்கு வந்த சுற்றறிக்கையில் தேதியும் வகுப்பும் இருந்தன, இந்த இரண்டு வாக்கியம் இல்லை. கேள்விக்குப் பதில் வராத இடத்தில்தான் குரல் பதிவு போய் உட்கார்ந்துகொண்டது.

பாவு_ஊடை

நான் தறிக்காரன். எனக்கு ஊசி மேல் சந்தேகம் எதுவும் கிடையாது. ஆனாலும் என் இரண்டாவது பிள்ளைக்கு ஒன்றரை வயசு ஊசி நாலு மாதம் தள்ளித்தான் போட்டோம். புதன்கிழமை காலையில் போடுகிறார்கள். தறியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் போனால் அன்றைய கூலி போச்சு. வீட்டுக்காரி மட்டும் போனாள். பிள்ளைகள் சேரவில்லை, மருந்துக் குப்பியைத் திறந்தால் வீணாகும், அடுத்த வாரம் வா என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் கரண்ட் கட் இல்லாமல் தறி ஓடுகிற வாரம். அப்புறம் பிள்ளைக்குச் சளி. அப்படியே தள்ளிப்போனது.

கணக்கெடுக்க வருகிறவர்கள் என்னையும் தயங்குகிறவன் என்றுதான் எழுதுவார்கள்.

செவிலியர்_ஓய்வு

பாவு ஊடை தம்பி சொன்னதைப் படித்ததும் மனசு சங்கடமாகிவிட்டது. நான் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள்.

ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம். விதி அதுதான். தட்டம்மை மருந்து பொடியாக வரும், கூடவே வருகிற கரைசலில் கலக்க வேண்டும், கலந்த பிறகு 4 மணி நேரம்தான் வைத்திருக்கலாம், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பல பேருக்குப் போடுகிற குப்பி என்பதால் வீணாகிறதே என்று கை தயங்கும். மேலிடத்தில் எத்தனை வீணானது என்று கணக்குக் கேட்பார்களோ என்கிற பயம் வேறு. ஆனால் மருந்து வீணானால் இன்னொரு குப்பி வரும். திருப்பி அனுப்பின தாய் திரும்ப வரமாட்டாள். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

எல்லைப் பக்கத்துக்கே உள்ள இன்னொரு கஷ்டம் உண்டு. பிரசவம் தாய் வீட்டில் நடக்கும். திருத்தணியிலோ பள்ளிப்பட்டிலோ பிள்ளை பிறந்து, காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியும் முதல் போலியோ சொட்டும் அங்கே போடுவார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்கு, ஆந்திராவுக்கு, அழைத்துப் போவார்கள். எங்கள் பதிவேட்டில் 'வெளியூர் சென்றுவிட்டார்' என்று எழுதிவிடுவோம். அங்கே உள்ள ஏ.என்.எம். (ஊசி போடும் அரசு செவிலியர்) பட்டியலில் அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. அட்டை தமிழில் இருக்கும், அங்கே வாசிக்க ஆள் தேடணும். இப்படி இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில் விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் ஒருவரும் ஊசிக்கு எதிரி இல்லை. போய்க் கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஊத்துக்கோட்டை_பழையவன்

எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். எங்கள் பக்கத்தில் பயம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். 2008 ஏப்ரல். திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் ஒரே நாளில் இறந்துபோயின. எங்களுக்கு அது பத்திரிகைச் செய்தி இல்லை, பக்கத்து ஊர்ச் சாவு. அந்த வருஷம் கைக்குழந்தை வைத்திருந்த எந்த வீட்டிலும் நர்ஸம்மா வந்தால் கதவைத் திறக்கவில்லை. நானும் திறந்திருக்கமாட்டேன்.

இன்றைக்கும் எங்கள் தெருவில் ஒரு பாட்டி 'ஒன்பதாம் மாச ஊசி' என்றால் முகம் மாறிப்போவார். அவரிடம் போய் வாட்ஸப் வதந்தியை நம்பாதீர்கள் என்று சொன்னால் அடிக்க வருவார். அவர் பார்த்தது வதந்தி இல்லை.

திருத்தணி_தம்பி

அண்ணா, இது எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது ஆறு வயசு. ஆனால் ஒரு விபத்துக்காக ஊசியே வேண்டாம் என்றால் எப்படி?

செவிலியர்_ஓய்வு

அந்த நாட்களில் நான் வேலையில் இருந்தேன். அதைப் பற்றிப் பேசாமல் இந்த இழை முடியக்கூடாது, ஐயா எடுத்தது நல்லதாயிற்று.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிராமத்துக்குள் போய் ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்றார்கள். ஏதாவது ஆனால் உடனே பார்க்க டாக்டர் இருக்க வேண்டும் என்ற எண்ணம், தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் என்ன ஆயிற்று? அதுவரை அங்கன்வாடி வாசலில், நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போட்ட ஊசிக்கு, இப்போது பஸ் பிடித்துப் போக வேண்டும். பயந்த தாய்க்குப் போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைத்தது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06ல் நூற்றுக்கு 81. பத்து வருஷம் கழித்து 2015-16ல் 70. முன்னேறுகிற மாநிலத்தில் எண்ணிக்கை இறங்குகிறது! பிறகு 2019-21ல் 89க்கு ஏறியது. நடுவில் உள்ள அந்தப் பள்ளத்துக்கு 2008ம் நாங்கள் ஊருக்குள் போகாமல் போனதும் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

பயந்த சமயத்தில்தான் நாங்கள் கூட இருந்திருக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து எங்களை வாசலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

@ஏகாம்பரகுப்பம்_மருமகள், அத்தை கேட்டால் இதைச் சொல்லம்மா. ஊசி போடும் முன் குப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அது பெற்றவர்களின் உரிமை. குப்பி மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தை விட வெளிறி இருந்தால் மருந்து சூடுபடாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம். வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் போடக்கூடாது. எந்த நேரத்தில் கலந்தார்கள் என்பதைக் குப்பியிலேயே எழுதியிருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள். சிரிஞ்சு உங்கள் கண் முன்னால் உறையிலிருந்து பிரிக்க வேண்டும், அதை இரண்டாம் முறை இழுக்கவே முடியாதபடி செய்திருக்கிறார்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். மிக அபூர்வமாக வருகிற கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும், அதற்கான அட்ரினலின் மருந்து பக்கத்திலேயே இருக்க வேண்டும். இப்படிக் கேட்டால் கோபப்படுகிற நர்ஸும் உண்டு. கேளுங்கள், பரவாயில்லை.

இயற்கை_வாழ்வு

நான் இங்கே எழுதினால் எல்லாரும் பாய்வீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். என் பிள்ளைகளுக்குச் சில ஊசி போட்டேன், சிலது போடவில்லை. யாரோ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டு எடுத்த முடிவு இல்லை அது.

ஒருங்கிணைந்த ஆந்திராவில் கம்மம் மாவட்டத்தில் 2009ல் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஊசியைச் சுமார் 14,000 சிறுமிகளுக்குப் போட்டார்கள். அவர்களில் பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பல பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர் போட்டார். 2010ல் நிறுத்தினார்கள். 2013ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்து அறிக்கை தந்தது. இது நடந்ததா இல்லையா?

2021 ஜனவரியில் கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டச் சோதனை முடிவு வரும் முன்பே அனுமதி கொடுத்தார்களா இல்லையா? நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், 17 அன்று இறந்தார். கேள்வி கேட்டவர்களை எல்லாம் முட்டாள் என்றார்கள். பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை. தனியாரில் வலியில்லாத ஊசி, அரசாங்கத்தில் காய்ச்சல் வருகிற ஊசி. ஏழைக்கு மட்டம், பணக்காரனுக்கு உசத்தி என்றுதானே தோன்றும்?

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவுக்கு வந்த இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறோம். கருத்தை மறுக்கலாம், ஆளைத் திட்டக்கூடாது. சம்பவங்களைப் பற்றி எழுதும்போது இறந்த குழந்தைகளின் பெயர், குடும்ப விவரம் எதுவும் வேண்டாம்.

சித்தூர்_பிள்ளை_டாக்டர்

இயற்கை வாழ்வு அவர்களே, நீங்கள் கேட்டதில் தவிர்க்க வேண்டிய கேள்வி எதுவும் இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கம்மத்தில் நடந்தது உண்மை. அங்கேயும் குஜராத்தில் வதோதராவிலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்தார்கள். விசாரணைக் குழு அந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்றது. பாம்புக் கடி, மலேரியா என்று காரணங்கள் வேறு வேறாக இருந்தன. அதே சமயம், பெற்றோரைக் கேட்காமல் காப்பாளர் கையெழுத்தில் போட்டது பெரிய தவறு. அந்த ஊசி பாதுகாப்பானது என்று நான் நம்புகிறேன், என் உறவில் உள்ள பெண் பிள்ளைகளுக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்தக் கையெழுத்துக்கு என்னிடம் நியாயம் இல்லை. கேட்டுப் போட்டிருந்தால், அந்த மரணங்கள் வந்தபோது பெற்றோர் விசாரணைக்குக் காத்திருந்திருப்பார்கள்.

விவேக் விஷயம். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை, மாரடைப்புதான் என்று சொன்னது. சொன்னது அக்டோபரில். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஒரு ஊரே பேசிக்கொண்டிருந்தது. மக்களுக்குப் பிடித்த மனிதர், அடுத்தவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று முன்னால் வந்து போட்டுக்கொண்டவர். அந்தச் செய்திக்கு அந்த வாரமே தெளிவாக, தமிழில், தொடர்ந்து பதில் வந்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வந்ததைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

அரசு ஊசி, தனியார் ஊசி. இது என்னிடம் தினமும் வருகிற கேள்வி. கக்குவான் இருமலுக்கான பகுதியில்தான் வித்தியாசம். அரசு தருகிற ஊசியில் அந்தக் கிருமியை முழுசாகக் கொன்று சேர்க்கிறார்கள், அதனால் காய்ச்சலும் வீக்கமும் அதிகம். தனியாரில் ஆயிரக்கணக்கில் வாங்குகிற ஊசியில் கிருமியின் சில புரதங்களை மட்டும் எடுத்துச் சேர்க்கிறார்கள், அதனால் காய்ச்சல் குறைவு. ஆனால் பாதுகாப்பு நீண்ட நாள் நிற்பதில் அரசு ஊசிதான் மேல். காய்ச்சல் குறைவான ஊசிக்குப் போன சில பணக்கார நாடுகளில் பெரிய பிள்ளைகளுக்குக் கக்குவான் திரும்பி வந்தது. ஆக ஏழைக்கு மட்டமான மருந்து போகவில்லை. காய்ச்சல் வரும், இரண்டு நாளில் போகும், இந்த அளவு பாரசிட்டமால் கொடுங்கள் என்று ஒரு நிமிஷம் நின்று சொல்லும் ஆள்தான் அரசு வரிசையில் கிடைப்பதில்லை. தனியாரில் அந்த ஒரு நிமிஷத்தையும் சேர்த்துத்தான் விலைக்கு வாங்குகிறார்கள்.

ஆட்டிசம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது கேட்பார்கள். தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்கிற பயம், 1998ல் ஒரு ஆங்கில மருத்துவ இதழில் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. 2010ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது, எழுதியவரின் மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல வருஷம் கவனித்து 2019ல் வெளிவந்த ஆய்வில் தொடர்பு எதுவும் தெரியவில்லை.

ஊசியால் எதுவுமே ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 1999ல் ஒரு ரோட்டா வைரஸ் மருந்தை, குழந்தைகளுக்குக் குடல் செருகிக்கொள்வது தெரிந்தவுடன் நிறுத்தினார்கள். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அபூர்வமாக ரத்தம் உறையும் என்பது 2021லேயே ஐரோப்பாவில் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். இதை மறைத்துப் பேசுகிற டாக்டரை விட, சொல்லிவிட்டு அந்த ஆபத்து எவ்வளவு சின்னது, நோயின் ஆபத்து எவ்வளவு பெரியது என்று பக்கத்தில் வைத்துக் காட்டுகிற டாக்டரை மக்கள் நம்புகிறார்கள். நான் பார்த்தது இது.

இயற்கை_வாழ்வு

நன்றி டாக்டர். எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை, குறிப்பாகக் கோவாக்சின் விஷயத்தில் நீங்கள் பதில் சொல்லவே இல்லை. ஆனால் இவ்வளவு வருஷத்தில் என் கேள்வியை வரிசையாக எடுத்துப் பதில் சொன்ன முதல் டாக்டர் நீங்கள்தான்.

சித்தூர்_பிள்ளை_டாக்டர்

விட்டுவிட்டேன், சரிதான். முடிவு வரும் முன் அனுமதி கொடுத்தது அவசரம். முடிவு மார்ச்சில் நன்றாகவே வந்தது, ஆனால் ஜனவரியில் முதலில் போட்டுக்கொள்ளச் சொன்னது மருத்துவர்களையும் செவிலியர்களையும். எங்களிலேயே பலர் தயங்கினோம். நாங்கள் தயங்கியதை ஊர் பார்த்தது.

புத்தூர்_பக்கம்

எல்லாரும் டாக்டரை நம்புவதில்லை என்று பேசுகிறீர்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ராச்சபாளையத்துக்கு எலும்பு முறிவுக் கட்டுப் போட மெட்ராஸிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எக்ஸ்ரே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே வருகிறவர்களும் உண்டு. எதற்கு வருகிறார்கள்? கட்டுகிறவர் காலை மடியில் வைத்துத் தடவிப் பார்ப்பார், வலிக்குமா என்று கேட்பார், எத்தனை நாளில் திரும்ப வரணும் என்று சொல்வார். திரும்ப வந்தால் அதே ஆள் அங்கே இருப்பார். அந்த வைத்தியம் சரியா தப்பா என்கிற பேச்சுக்கு நான் வரவில்லை, தப்பாகக் கட்டிக் கை கோணிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஊசி விஷயத்தில் திரும்ப வந்தால் அதே ஆள் இருக்கிறாரா? எங்கள் சப் சென்டரில் ஏ.என்.எம். வருவதும் மாறுவதும் தெரியவே தெரியாது.

திருத்தணி_தம்பி

சரி, இரண்டு நாளாக எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், பெரியம்மை ஒழிந்தது எப்படி? கெஞ்சியா? கையைப் பிடித்துக் குத்தித்தானே?

சத்தியவேடு_வாத்தியார்

தம்பி, 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. கடைசி வருஷங்களில் வடக்கே சில இடங்களில் பலவந்தமாகப் போட்டதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முடித்து வைத்தது வேறு வேலை. எந்த வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, அந்த வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் உடனே பாதுகாத்தார்கள். கேட்டால் சொல்ல வேண்டுமே, ஊர் சொன்னால்தானே தெரியும்? எங்கள் அம்மா சொல்வார், அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் பிள்ளைகளை நெல் குதிருக்குள் இறக்கி ஒளித்து வைப்பார்களாம். அதட்டினால் ஒளிப்பார்கள். ரேஷனை நிறுத்தினாலும் அட்டையில் எப்படியாவது ஒரு கையெழுத்து வாங்கிவிடுவார்கள், பிள்ளை உடம்பில் மருந்து இருக்காது. மேலும் 2022 மே மாதத் தீர்ப்பில், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கொரோனா ஊசி வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஊத்துக்கோட்டை_பழையவன்

டாக்டர், ஒரு கேள்வி. எங்கள் பக்கம் மணல்வாரி, அதாவது தட்டம்மை, வந்தால் அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை வைத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றி அனுப்புகிறோம். ஊசி போட்டால் அம்மாவை வராதே என்று சொல்கிற மாதிரி ஆகிவிடாதா என்று அந்தப் பாட்டி கேட்கிறார். நான் என்ன சொல்வது?

சித்தூர்_பிள்ளை_டாக்டர்

ஐயா, அம்மனோடு நான் வழக்காட வரவில்லை. வேப்பிலை இருக்கட்டும், கங்கம்மாவுக்குக் கூழும் ஊற்றட்டும். பாட்டியிடம் மணல்வாரி என்ன செய்யும் என்று மட்டும் அவர் அனுபவத்திலிருந்தே கேளுங்கள். நிமோனியா பிடித்துப் போன பிள்ளை, வயிற்றுப்போக்கில் வற்றிப்போன பிள்ளை, கண் பார்வை போன பிள்ளை, ஏதாவது ஒன்றை அவர் தெருவில் பார்த்திருப்பார். இந்தக் காலத்துத் தாய்மார் பார்த்ததில்லை, அதனால்தான் அவர்களுக்கு நோயை விட ஊசி பெரிதாகத் தெரிகிறது. பாதுகாப்பு இல்லாத பத்துப் பேர் ஒரு வீட்டில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும், அவ்வளவு வேகம் அதற்கு. 100ல் 95 பிள்ளைகளுக்குப் போட்டிருந்தால்தான் பரவாமல் நிற்கும். ருபெல்லா பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்தால் காது கேளாமல், கண் புரையோடு, இதயக் கோளாறோடு பிள்ளை பிறக்கலாம். ஊசி போட்ட பிள்ளை பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியையும் சேர்த்துக் காக்கிறது.

நான்கு குழந்தைகளைப் பற்றிப் பாட்டி பேசினால் குறுக்கே பேசாதீர்கள். முழுசாகப் பேசட்டும்.

ஏகாம்பரகுப்பம்_மருமகள்

இந்த இழையை நேற்று ராத்திரி ஓர்ப்படிக்கு வாசித்துக் காட்டினேன். அத்தையும் பாவு சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். திருவள்ளூர் கதை வந்தபோது கையை நிறுத்திவிட்டார். அவருக்கும் அது தெரிந்திருக்கிறது, இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. சரி என்று இன்னும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். 'இந்த ஊசிக்கும் அன்னிக்கு மாதிரி ராத்திரியே ஜுரம் வருமா? வந்தா யாரைக் கேக்கறது?'

சித்தூர்_பிள்ளை_டாக்டர்

அன்று ராத்திரியே பெரும்பாலும் வராதும்மா. இது வேறு மாதிரி ஊசி. சில பிள்ளைகளுக்கு ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் லேசான காய்ச்சலும், மேலே மெல்லிய சிவப்புத் தடிப்பும் வரும். ஒன்றிரண்டு நாளில் தானே அடங்கும், மற்றவருக்குத் தொற்றாது. இதை அத்தைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பத்தாம் நாள் தடிப்பைப் பார்த்து அம்மையையே குத்திவிட்டார்கள் என்று நினைப்பார். பாரசிட்டமால் சொட்டு மருந்து பிள்ளையின் எடைக்குத் தகுந்த அளவில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வைட்டமின் ஏ ஒரு தவணை வாயில் ஊற்றுவார்கள், அதையும் கேட்டு வாங்குங்கள். பிள்ளை துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ தாமதிக்காமல் 108.

செவிலியர்_ஓய்வு

யாரைக் கேட்பது என்றாரே, அதற்கு நான். போடப்போகிற ஏ.என்.எம்.மின் பெயரையும் போன் நம்பரையும் அட்டையின் பின்பக்கத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். உங்கள் வார்டு சச்சிவாலயத்திலும் (வார்டு அரசு அலுவலகம்) ஏ.என்.எம். இருப்பார், முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அத்தையையும் கூட்டிக்கொண்டு. பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் போட்ட பழைய தமிழ் அட்டை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் போட நினைத்தாலும் போடலாம், ஆந்திரா விலாசம் என்று யாரும் மறுக்கக்கூடாது. யூ-வின் என்கிற அரசின் இணையத் தடுப்பூசிப் பதிவில் பிள்ளை பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாவு_ஊடை

தங்கச்சி, நானும் நகரிதான். எங்கள் பக்கம் சனிக்கிழமையும் போடுகிறார்கள், புதன் மட்டும் இல்லை என்று இப்போதுதான் விசாரித்தேன். என் பெரியவனுக்கு 10 வயசு ஊசி பாக்கி இருக்கிறது. நீங்கள் போகிற அன்றைக்கே நாங்களும் வருகிறோம், பிள்ளைகள் சேரவில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது.